எக்கோ மிஷினும் உன் பெயரும்

பிரிட்டோ, இதை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே. வெள்ளிக்கிழமை லீவில், சாப்பிட்டு முடித்து, ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ரிசீவரைக் கையில் எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சொல்ல வருவாய். நீ ஆரம்பிப்பதற்குள் அதை நான் முடித்து வைப்பேன். கடைசியில் நான் சொல்ல வந்ததும் போகும், நீ சொல்ல வந்ததும் போகும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். நாலு வரி எழுதிய பிறகுதான் உறைக்கிறது, இதிலும் நான்தான் பேசிக்கொண்டே போகிறேன், நீ வாய் திறக்க வழியே இல்லை. என்ன செய்வது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பங்குச் சாமியார் உன் பெயரையும் ஸ்டெல்லாவின் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். பக்கத்தில் உன் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் நீ பீடத்துக்கு முன்னால் நின்று, அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கோவில் நிறைய ஆட்கள் கேட்க, ‘பிரிட்டோ ஆகிய நான்’ என்று தொடங்க வேண்டும். முதல் வார்த்தையே உன் பெயர். உலகத்தில் எந்தச் சொல்லில் நீ அதிகமாகத் திக்கி நின்றாயோ அந்தச் சொல். அதை உனக்கு வைத்தவன் நான். உன் அம்மா அருள் என்று வைக்கலாம் என்றாள். தெருவுக்கு நாலு அருள் இருக்கிறான் என்று நான்தான் மறுத்தேன். இது விஷயமாக, உன்னைக் கேட்காமல் போன வாரம் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீ என்னைக் கோபித்துக்கொள்வதோடு முடிந்துவிடும். நான் ஏன் இப்படி ஆனேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் சந்துக்கடையில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் ஆம்ப்ளிஃபயரும் எக்கோ மிஷினும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்கோ மிஷின் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது. உள்ளே ஒரு டேப், இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கியது, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஹெட்டு பாடகர் குரலை அதில் பதியும். சற்றுத் தள்ளி இருக்கும் அடுத்த ஹெட்டு அதைப் படித்துத் திருப்பிக் கொடுக்கும். டேப் அந்தத் தூரத்தைக் கடக்கிற நேரம்தான் எக்கோ. பிறகு ஒரு ஹெட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும், வளையம் மறுபடி வெறுமையாகச் சுற்றி வரும். நான் பார்த்த காலத்திலேயே அவை பழைய மிஷின்கள். டிஜிட்டல் பெட்டி வந்த பிறகும், டேப் எக்கோவில் பாடினால்தான் தொண்டைக்குச் சுகம் என்று சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சாய்வைத் திருகாணியால் நேராக்கி, திரும்பி வரும் குரல் ஊளையிடாத இடத்தில் பிரீசெட் என்கிற குட்டித் திருகை நிறுத்தி, அது அசையாமலிருக்க மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பேன். ஃபேன்சி ஸ்டோரில் நான் சிவப்பு நகப்பூச்சு கேட்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரர் யாருக்கு என்று கேட்டுச் சிரிப்பார்.

பேகம்பூர் காதர் பாய் ஒரு மிஷின் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கல்யாண வீடுகளில் பாடுகிற குழு வைத்திருந்தவர். பினாங்கிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த மிஷின் என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைவார். ஒரு சனிக்கிழமை மதியம் நீ தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாய். நான் பெஞ்சுக்கு அடியில் வயரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மேலே கேட்பதற்கு ஆள் இல்லை. “ஏலே, அந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு மைக்கில எதையாச்சும் பேசு, சத்தம் ரெண்டு காதுலயும் வருதான்னு பாரு” என்றேன். உன்னைப் பேசச் சொல்கிறோமே என்ற நினைப்புகூட எனக்கு வரவில்லை, வேலை மும்முரம். நீ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாய். பிறகு, “பிரிட்டோ. எட்டாம் வகுப்பு, பி பிரிவு” என்றாய்.

நான் அடியிலேயே படுத்துக் கிடந்தேன். நீ நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே போனாய். உன் குரல் உனக்குக் காதில் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்துகொண்டிருந்தது. நீ அதோடு சேர்ந்து நிதானமாக, சற்று இழுத்தாற்போல, ஆனால் ஓரிடத்தில்கூட நிற்காமல் பேசினாய். கால் மணி நேரம் இருக்கும். நான் எழுந்து என்ன செய்தேன் தெரியுமா? டேப் எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்த ஹெட்டில் ஸ்விட்ச் இருக்கிறது, திரும்பி வரும் குரல் ஒரு தடவையா இரண்டு தடவையா என்று பார்த்து, பழைய பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கதையை முழுதாகச் சொன்னாய், பிரிட்டோ. அது என்ன கதை என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தைகூட நினைவில்லை. முதல் ஹெட்டு, ஒற்றை எக்கோ, வால்யூம் பாதி என்பது மட்டும் இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. உனக்கு நினைவிருந்தால் எப்போதாவது எனக்கு மறுபடி சொல். இந்தத் தடவை நான் கேட்கிறேன்.

நீ வீட்டுக்குப் போன பிறகு அதே ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்தேன். என் நாக்கு குழறியது. ‘திண்டுக்கல்’ என்ற சொல் ‘திண்டு, திண்டு’ என்று நின்றது. என் குரலே பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தது. சொல்ல வேண்டியது மனசில் தெளிவாக இருக்கிறது, வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கழுத்து நரம்பு இறுகி, காது சூடாகிவிட்டது. உன்னை விடுவித்த அதே மிஷின் என்னைக் கட்டிப்போட்டது. நீ தினமும் எதில் நிற்கிறாய் என்று எனக்குப் புரிவதற்குக் கடவுள் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் என்ன செய்தேன் என்றால், ‘நல்ல வேடிக்கை’ என்று சிரித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். எனக்குக் கழற்றி வைக்க முடிந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம் உன்னை நான் படுத்திய பாடு உனக்கு மறந்திருக்காது. மோட்டார் தண்டில் மாட்டுகிற பித்தளைக் குழலை மாற்றினால் டேப்பின் வேகம் மாறும், எக்கோ முந்தும் அல்லது பிந்தும். லேத்துப் பட்டறையில் மூன்று அளவில் மூன்று குழல் கடைந்து வாங்கினேன். ஒவ்வொன்றாக மாட்டி, சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த உன்னை உட்காரவைத்து அறிவியல் புத்தகத்தை வாசிக்கவைத்தேன். நீ எத்தனை இடத்தில் நிற்கிறாய் என்று கோடு போட்டு எண்ணினேன். தண்ணீர் கேட்பாய், இந்தப் பக்கம் முடியட்டும் என்பேன். மிஷினை அளப்பதற்கு ஒரே சத்தம் பதிந்த டெஸ்ட் டேப் ஒன்று வைத்திருப்போமே, அந்த இடத்தில் உன்னை வைத்திருந்தேன். உன் அம்மா ஒருநாள் கடைக்கே வந்து, “வாரதையெல்லாம் பிரிச்சுப் போட்டுப் பாக்குறாப்ல அவனையும் பாக்காதீங்க. புள்ள முகத்தைப் பாருங்க, வெளுத்துப் போயி உக்காந்திருக்கான்” என்றாள். நடுக் குழலில் நீ ஒரு பக்கம் முழுவதும் இரண்டே இடத்தில்தான் நின்றாய் என்று அவளிடம் பில்லைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

காதர் பாய்க்கு நான் சொன்ன பொய்கள் தனிக் கணக்கு. ஹெட்டு மெட்ராஸிலிருந்து வரணும் என்றேன். வந்துவிட்டது, அளவு சரியில்லை என்றேன். கடைசியில் அவர், “என்னண்ணே, பேகம்பூருக்கும் ஒங்க கடைக்கும் நடந்தே என் செருப்பு தேஞ்சு போச்சு. மிஷினை நீங்க கட்டிக்கிட்டீங்களா?” என்று கேலி செய்தார். அன்றைக்கு நீ ஹெட்ஃபோனோடு உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாய். அவர் எட்டிப் பார்த்தார். உன்னை அவருக்குத் தெரியும், நீ திக்குவதும் தெரியும். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி, “மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. அம்புட்டு வேத்தாளாவா போயிட்டேன்? புள்ளைக்குன்னா வச்சுக்கங்க, நான் வேற பெட்டியில ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கோவிலில் வாசகம் வாசிக்க உன் பெயரைக் கொடுத்தது நான். நீ வேண்டாம் என்று சொல்ல வந்தாய், ‘வே’ என்று தொடங்குவதற்குள், “வேற சட்டைதானே, வாங்கித் தாரேன்” என்று முடித்தேன். பீடத்துக்குப் பக்கத்து அறையில் மிஷினை வைத்து, உன் சட்டைக்குள் வயரை விட்டு, ஒற்றைக் காதில் சின்ன இயர்ஃபோன் வைத்தேன். நடுக் குழல், முதல் ஹெட்டு, எல்லாப் பிரீசெட்டிலும் நகப்பூச்சு. ஒன்றும் அசையாது என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். நீ முதல் இரண்டு வரியை வாசித்தாய். கோவிலே நிமிர்ந்து பார்த்தது. உன் அம்மா கைகளைக் குவித்து வைத்துக்கொண்டிருந்தது, கதவிடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

கரண்ட் போனது. கோவில் உபதேசியார் உடனே ஓடி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார், அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. விளக்கு எரிந்தது, மைக் பேசியது, எல்லாம் சரியாகிவிட்டதாக எல்லாருக்கும் தோன்றியிருக்கும். எனக்கு மட்டும் மோட்டார் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஜெனரேட்டர் மந்தமாக ஓடினால் மோட்டாரும் மந்தமாகும். டேப் மெதுவாகிவிட்டது, உன் குரல் உனக்கு இன்னும் பிந்தி வந்தது. மூன்று மாதம் நான் தேடித் தேடி நிறுத்திய இடம் கைவிட்டுப் போய்விட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இதை யோசிக்காமல் விட்டவன் என்னைத் தவிர ஒருவன் இருப்பானா என்று தெரியவில்லை. நீ ஒரு ‘ப’வில் நின்றாய். கண்ணை இறுக மூடிக்கொண்டாய். விரல் அந்த வரியிலேயே இருந்தது. கோவிலில் யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை, பிரிட்டோ, அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். எல்லாரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாமியாரும் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அறையில் டெஸ்டுக்கு வைத்திருந்த மைக்கை எடுத்து, நீ நின்ற சொல்லிலிருந்து வாசகத்தை நானே கடைசி வரை வாசித்தேன். என் குரல் ஸ்பீக்கரில் ஓட, நீ புத்தகத்தின் முன்னால் வாயை மூடாமல் நின்றாய்.

நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அன்றைக்கு முழுவதும் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா, “அவன் சொல்லியிருப்பான். இன்னுங் கொஞ்சம் ஆயிருக்கும், அம்புட்டுத்தான். உங்களுக்குத்தான் அவமானமாப் போச்சு, அவனுக்கில்ல” என்றாள். அதற்கு மேல் அவள் பல நாள் என்னோடு பேசவில்லை, சோற்றையும் வெஞ்சனத்தையும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீ நின்றது என் காதுக்கு ஒரு பழுதாகத்தான் கேட்டது. பழுதைக் கேட்டால் கை வைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. மறுநாள் மிஷினைக் காதர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ அதற்கப்புறம் எந்த மேடையிலும் ஏறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை. ஆனால் கடையில், பஸ்ஸில், டாக்டரிடத்தில், உன் மாமா வீட்டில், நீ வாயெடுத்தால் முடித்து வைப்பதை மட்டும் விடவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்துச் செய்தேன். ஹோட்டலில் உனக்கு என்ன வேண்டும் என்பதைக்கூட நான்தான் சொன்னேன். உனக்கு ரவா தோசை பிடிக்காது என்பது நீ வேலைக்கு மஸ்கட் போன பிறகு உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

மஸ்கட் போனதும் நீ போனில் நன்றாகப் பேசினாய். எங்களுக்கு ஆச்சரியம். தங்குதடை இல்லாமல் வேலை, சம்பளம், ரூமில் சமையல், எல்லாம் சொன்னாய். உன் அம்மா புனிதருக்கு மெழுகுவர்த்தி வைத்தாள். “அந்த ஊர் தண்ணி அவனுக்கு ஒத்துக்கிருச்சு” என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்துத் திருச்சி ஏர்போர்ட்டில் நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்து, “அ” என்று தொடங்கி நின்றுவிட்டாய். ‘அப்பா’ வரவில்லை. ‘அருள்’ என்று வைத்திருந்தாலும் இதே கதிதான் என்று தெரிந்தது, அந்தப் பெயரை மறுத்துவிட்டேனே என்று இருபது வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் செத்துப்போனது, ஆனால் அதனால் எனக்கு நிம்மதி வரவில்லை. காரில் வரும்போதுதான் பிடிபட்டது. வெளிநாட்டு லைனில் உன் குரல் உனக்கே கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்திருக்கிறது. ஊர் தண்ணியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை, மறுபடியும் அதே எக்கோ. இதையும் எழுதிவிடுகிறேன், நீ என்னை என்ன நினைத்தாலும் சரி: இவன் போனிலேயே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. பெற்ற மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது.

அகரம் பக்கத்தில் ஸ்டெல்லா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோமே, அன்றைக்கும் நான் திருந்தியிருக்கவில்லை. தம்பி பேர் என்ன என்று அவள் அப்பா கேட்டார், நான் சொன்னேன். எவ்வளவு நாள் லீவு என்றார், நான் சொன்னேன். காபித் தட்டை வைத்துவிட்டு அந்தப் பெண், மஸ்கட்டில் வெயில் நம்மூர் மாதிரிதானா என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, “மாமா, நான் அவங்கட்டதான் கேட்டேன்” என்றாள். அவள் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. நர்ஸ் வேலை பார்க்கிற பெண், ஆட்கள் பேசுகிறவரை காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இருக்கிறது. நீ ‘வெ’ என்று தொடங்கினாய். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. “வெயில் கூடத்தான், ராத்திரியிலயும் வேர்க்கும்” என்று நீ சொன்னாய். அதுவரை எனக்கு அது தெரியாது.

இவ்வளவையும் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஓலை எழுதிக் கொடுக்கப் போன அன்று நான் சாமியாரிடம் தனியாகப் பேசினேன். ‘பிரிட்டோ ஆகிய நான்’ என்று தொடங்குகிற வார்த்தைப்பாட்டை மாப்பிள்ளை முழுதாகச் சொல்ல வேண்டாம், நீங்கள் கேள்வியாகக் கேளுங்கள், அவன் ஒரு வார்த்தையில் பதில் சொல்லட்டும் என்றேன். “அப்படியும் செய்யலாந்தான். தம்பிட்ட கேட்டீங்களா?” என்றார். “கேட்டுட்டேன் சாமி, அவனும் அதான் சொன்னான்” என்றேன். கோவிலுக்குள் நின்றுகொண்டு, யோசிக்காமல், தடுமாறாமல் சொன்னேன். சாமியார் தலையாட்டிவிட்டார். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான், நீ சொல்லாத ஒன்றை நீ சொன்னதாக நான் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொடங்கிய வாசகத்தையாவது முடித்து வைத்தேன். இந்தத் தடவை நீ தொடங்கவே இல்லை.

திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் கோவில் வாசல் வரை நடந்தேன். போய் என்ன சொல்வது? ‘அவனே முழுதாகச் சொல்லுவான் சாமி’ என்று சொன்னால் அதுவும் உன் வாயில் நான் போடுகிற சொல்தானே. சொல்லாமல் விட்டால் என் பொய் நிற்கிறது. உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க ரெண்டு பக்கமும் போகாதீங்க. அவனுக்கு எழுதுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன். நீ ஊருக்கு வந்ததும் சாமியார் உன்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே நீயே சொல்லிக்கொள். ஒரு வார்த்தைப் பதிலாக இருந்தால் அதில் ஒரு குறைவும் இல்லை, கல்யாணம் கல்யாணம்தான். முழுதாகச் சொல்கிறாய் என்றால் பூசை எத்தனை மணிக்கு முடிந்தாலும் பந்தியில் சோறு ஆறிப்போகாது. எதை முடிவு செய்தாய் என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் நான் அதற்கு ஒரு ஏற்பாடு செய்யக் கிளம்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று மைக் செட்டுக்கும் காதர் பாயின் மகனிடம் சொல்லிவிட்டேன். நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடப்போவதில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. இருந்தாலும் ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது நடந்து விழுந்தாலும் சரி, பேசி நின்றாலும் சரி, நீ ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன் அதன் முகத்தைப் பார். தூக்கு என்கிறதா, இரு என்கிறதா என்று பார். நான் மிஷினைப் பார்த்தேன், பில்லைப் பார்த்தேன், கோவிலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் நீ காத்திருக்கச் சொன்னது எனக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்தன்று முன்வரிசையில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கத்தான் இந்தக் கடைசிப் பத்தியைத் தொடங்கினேன். எழுத வரவில்லை, பிரிட்டோ. நீ உன் பெயரில் நின்றால் என் உதடு தானாக அசையும். அதை நிறுத்த எனக்கு எந்த வழியும் தெரியவில்லை. அதனால் அந்த நேரத்தில் நீ என் பக்கம் திரும்பாதே. அவள் காத்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டு நில்.